பிஎச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு) டாக்டரா போற என் மருமவளுக்கு

மருமவளே,

ஆர்டர் வந்துட்டுன்னு ஒங்கப்பா போன்ல சொன்னான், ரொம்ப சந்தோசம். நம்ம குடும்பத்துல மொத டாக்டரு நீ, அதும் நம்ம முக்கூடல் பக்கத்துலயே போஸ்டிங்னா கேக்கவா வேணும். ஆனா பொறவு நீ பேசும்போது ஒண்ணு சொன்ன பாரு, பிஎச்சில என்னத்த பெருசா பாத்துரப் போறேன் அத்தை, சளி, காய்ச்சல், சுகர் மாத்திரை, கவர்மென்ட்டு டாக்டருங்களுக்கான சர்வீஸ் கோட்டாவுல பிஜி மேல்படிப்பு கிடைக்க வரைக்கும் ஓட்டிருவேன்னு. எனக்கு அது மனசுக்கு கஷ்டமா போச்சு. போன்ல வெளக்கமா பேச எனக்கு வராது, அதான் எழுதுதேன். ஒன்ன மாதிரி இந்த வருஷம் ஆர்டர் வாங்குன மத்த பிள்ளைகளும் வாசிக்கட்டும்னு எல்லாரும் பாக்குத மாதிரியே போடுதேன்.

நீ பிஜி படி, நான் வேண்டாம்ங்கல. ஆனா திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரில நீ பாத்த நோயாளி முக்காவாசி பேரு ஏற்கனவே ஒரு டாக்டர் பாத்து, இது ஹார்ட்டு, இது கிட்னின்னு பிரிச்சு எழுதி அனுப்புனவங்க. இங்க வாரவங்க கையில அப்பிடி ஒரு சீட்டும் இருக்காது. மேலுக்கு சுகமில்ல, கிறுகிறுன்னு வருது, சோறு எறங்கலம்பாங்க, அவ்வளவுதான். அதுல எது சும்மா, எது ஆபத்து, எதை இன்னைக்கே ஏத்தி அனுப்பணும், எதை ரெண்டு நாள் கழிச்சு வரச்சொல்லி பாக்கலாம்னு ஒரு ஸ்டெத்தையும் பிபி மெஷினையும் வச்சுக்கிட்டு மொத ஆளா நீ முடிவு பண்ணணும், ஸ்கேன் கிடையாது, கேக்க பெரிய டாக்டர் பக்கத்துல கிடையாது. இதை லேசான வேலைன்னு யாரு ஒனக்கு சொன்னா?

நான் விஎச்என்னா, அதாவது கிராம சுகாதார நர்ஸா இருந்தப்ப எங்க பிஎச்சில ஒரு டாக்டரய்யா இருந்தாவ. அவியகிட்ட தான் நான் இதெல்லாம் கண்ணால பாத்தேன். ஒரு தடவ அடைமழை ஓஞ்ச சமயம், ஆட்டுக்கு புல்லறுக்கப் போற ஒரு அம்மா, ஒரு வாரமா காய்ச்சல். டவுன்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில படுக்கப்போட்டு பாட்டில் பாட்டிலா ஏத்தி, டெங்கு இல்ல, டைபாய்டா இருக்கலாம்னு சொல்லி காசும் தீந்து திரும்பி வந்திருக்கா. டாக்டரய்யா நர்ஸ்கிட்ட சொல்லி, உள்ள கூட்டிட்டுப் போயி கம்முக்கூடு, தொடை இடுக்கு, மாருக்கு அடியில, இடுப்புல பாவாடை நாடா கட்டுற எடம் எல்லாத்தையும் பாருங்கன்னாவ. நாடாவுக்கு அடியில இருந்துச்சு, பீடி வச்சு சுட்ட மாதிரி கறுப்பா ஒரு பொருக்கு. அது வலிக்காது, அரிக்காது, அதனால அந்த அம்மாவுக்கே தெரியல. உண்ணிக் காய்ச்சல், நீங்க ஸ்க்ரப் டைஃபஸ்ம்பீங்கள்ல, அதேதான். நம்ம ஸ்டோர்ல எப்பவும் கிடக்க டாக்ஸிசைக்ளின் தான் குடுத்தாவ, மூணாம் நாள் அந்தம்மா நடந்து வந்துட்டா. எல்லாருக்கும் அந்தப் பொருக்கு இருக்காதுன்னும் சொன்னாவ, ஆனா தேடிப் பாக்காட்டா இருக்கவங்களுக்கும் தெரியாது. விட்டா நுரையீரலு, கிட்னின்னு போயி ஆளையே கொண்டு போயிரும்.

பீடிக் கதையும் சொல்லுதேன், நீ இனி தெனம் பாக்கப்போறது அது. நம்ம பக்கம் பீடி சுத்துற பொம்பளைங்க காலைல எந்திரிச்சதும் தட்டை மடில வச்சா கடையில கணக்கு குடுக்க வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. காலைச் சாப்பாடே பதினோரு மணிக்கு தான், சிலநாள் அதும் இல்ல. சீட்டுல க்ளிமிபிரைடுங்கற சுகர் மாத்திரைய காலை சாப்பாட்டுக்கு முன்னன்னு எழுதியிருக்கும், அவங்க ஆறு மணிக்கு கடுங்காப்பியோட போட்டுக்கிடுவாங்க. பத்து மணிக்கு சுகர் ரொம்ப எறங்கி, வேர்த்து, கை நடுங்கி, கண்ணு இருட்டும். பொயலத் தூள் நெடின்னு நெனச்சுக்கிடுவாங்க, நெடியிலயும் தலை சுத்தும்ங்கறதால ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. விஷயம் தெரியாத டாக்டர் தலைசுத்தலுக்கு இன்னொரு மாத்திரை எழுதுவாரு. நம்ம டாக்டரய்யா மொத கேள்வியே, எத்தன மணிக்கு சாப்பிட்டம்மான்னு தான். கேட்டுட்டு மாத்திரை நேரத்தை மாத்துவாவ, இல்ல மாத்திரையவே மாத்துவாவ. எந்த ஸ்பெஷலிஸ்டுகிட்ட போனாலும் இது கிடைக்குமாங்கறது எனக்கு சந்தேகம் தான், ஏன்னா அவங்களுக்கு இந்த ஊரு எப்ப சாப்பிடும்னு தெரியாது.

பிபி மாத்திரையும் அப்பிடித்தான், அம்லோடிபின் போட்டா சில பேருக்கு காலு வீங்கும், கிட்னி போயிட்டுன்னு பயந்து ஒருத்தர்கிட்டயும் சொல்லாம நிறுத்திருவாங்க. வேற மாத்திரை இருக்கு, மாத்திக்கிடலாம்னு ஒரு வார்த்தை சொன்னா தொடருவாங்க. 2021 ஆகஸ்டுல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்ங்கற கவர்மென்ட்டு திட்டத்துல மாத்திரை வீடு தேடி போகுது, நல்ல விஷயம் தான், ஆனா மாத்திரை போகுதுன்னு ஆளைப் பாக்காம விட்டுராத, டப்பாவுல அப்பிடியே சேத்து வச்சிருக்கவங்கள நான் நெறைய பாத்திருக்கேன்.

டாக்டரய்யா அடிக்கடி ஒருத்தரைப் பத்தி சொல்லுவாவ. ஜூலியன் டியூடர் ஹார்ட்னு பேரு, பிரிட்டன்ல வேல்ஸ் பக்கம் நிலக்கரி சுரங்கத்துக்காரங்க இருக்க ஒரு சின்ன ஊர்ல 25 வருஷத்துக்கு மேல பொது மருத்துவரா இருந்தவரு. நோய்னு வந்தவங்களுக்கு மட்டும் பாக்காம ஊர்ல இருக்க எல்லாருக்கும் பிபி பாத்துருவாராம். யாருக்கு வைத்தியம் ரொம்ப தேவையோ அவங்களுக்குத் தான் நல்ல வைத்தியம் எட்டாம போகுதுன்னு 1971-ல எழுதுனவரும் அவருதான். அங்க ஜிபி, அதான் பொது மருத்துவர் ஆகணும்னா டிகிரிக்கு அப்புறம் அதுக்குன்னே தனியா வருஷக்கணக்குல ட்ரெய்னிங் உண்டு. நம்ம கவர்மென்ட்டு இருபத்தஞ்சு வயசு பிள்ளைய 30,000 பேருக்கு ஒண்ணுன்னு இருக்க பிஎச்சில நேரா கொண்டு உக்கார வச்சிருது, இது எனக்கு ரொம்ப நாளா இருக்க கோவம். அதனால படிக்க வேண்டியத நீயே தான் அங்ஙன படிச்சுக்கிடணும்.

ஓபில நூறு பேருக்கு மேல நிப்பாங்க, மீட்டிங்கு, ரிப்போர்ட்டு, ஆன்லைன் என்ட்ரின்னு உசுர எடுப்பாங்க, எல்லாருக்கும் பத்து நிமிசம் குடுக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா சீட்டை வாங்கிட்டு எந்திரிச்சு போறவங்க வாசல்கிட்ட நின்னு திரும்பிப் பாத்தாங்கன்னா கூப்புட்டு உக்கார வை. புருசன் அடிச்சது, நாள் தள்ளிப்போனது, மாருல கட்டி, சாவணும் போல இருக்குங்கறது எல்லாம் அப்பத்தான் வெளிய வரும்.

இன்னொண்ணு. வயக்காட்டுல பாம்பு கடிச்சு வந்தா பயத்துல ஒடனே 108-ல ஏத்தி ஹைகிரவுண்டுக்கு தள்ளிவிட்டுராத. கண்ணாடி டியூப்ல ரத்தம் எடுத்து 20 நிமிசம் அசைக்காம வச்சு உறையுதான்னு பாரு, பிளாஸ்டிக்ல வச்சா தப்பா காட்டும். உறையலன்னாலோ, வேற அறிகுறியிலயோ விஷம் ஏறியிருக்கது தெரிஞ்சா விஷமுறிவு மருந்த அங்ஙனயே ஆரம்பிச்சுட்டு அனுப்பு. ஸ்டோர்ல மருந்து இருக்கா, தேதி முடிஞ்சுட்டான்னு மொத நாளே நீயே போயி பாத்துரு.

சப்சென்டர் நர்சுங்க எல்லாரையும் மொத வாரத்துலயே போயி பாரு. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணி செக்கப், புதன்கிழமை தடுப்பூசி, அன்னைக்கு வராதவங்க யாரு, ஏன் வரலன்னு அவங்களுக்குத் தான் தெரியும். ஒன்னவிட வயசுல மூத்தவங்க, அக்கான்னு கூப்புடு, அவங்க சொல்லுறத எழுதி வச்சுக்க.

குவார்ட்டர்ஸ்ல தண்ணி வருதா, கதவு தாழ்ப்பா சரியா இருக்கான்னு பாத்துட்டு சொல்லு. சரியில்லன்னா நம்ம வீட்டுல இருந்தே போயிட்டு வா, மாடி ரூமை ஒழிச்சு வச்சிருக்கேன்.

இப்படிக்கு
ஒன் அத்தை