நம்மூர்ப் பேய்க்கு ஒரு முகம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சினிமா பக்கத்தில் பேய்ப் படங்களுக்கு வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகின்றன: பயம் வந்ததா, சிரிப்பு வந்ததா? பேய் எப்படி இருந்தது, ஏன் அப்படி இருந்தது, அதற்கு உருவம் கொடுத்தவர் யார் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. திகில் பட ரசிகர்களுக்கு அதுதான் படமே. கதாநாயகன் பேர் மறந்துபோகும். கட்டிலுக்கு அடியிலிருந்து நீண்ட கையின் நகம் மறக்காது.

புதுச்சேரியிலும் கடலூரிலும் செல்போனிலேயே குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் பலர் பேய்க் கதையில்தான் கைவைக்கிறார்கள். ஒரு பழைய வீடு, ஓர் இரவு, நாலு பேர் இருந்தால் போதும் என்பதால் அது நியாயமான தொடக்கம்தான். ஆனால் பேய் வந்து நிற்கும்போது பார்த்தால் முகத்தை மூடிய கூந்தல், வெள்ளை உடை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. ஜப்பானியக் கதைகளில் அந்தக் கோலத்துக்குக் காரணம் உண்டு. இறந்தவருக்கு உடுத்தும் வெள்ளை உடையோடும் அவிழ்ந்த கூந்தலோடும் ஆவி வருவதாக அங்கே நினைக்கிறார்கள். முத்தியால்பேட்டையில் நடக்கும் கதையில் அது எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

நல்ல பேயின் உடம்பில் ஒவ்வோர் அங்கத்துக்கும் காரணம் இருக்கும். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலில் விக்டர் என்ற விஞ்ஞானி உருவாக்கும் உயிர் சுமார் எட்டடி உயரம். பயமுறுத்த வைத்த உயரமல்ல அது. நுண்ணிய பாகங்களைச் செய்ய நாள் பிடிக்கிறது, பெரிதாகச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று விக்டர் போட்ட கணக்கு. நமக்கெல்லாம் தெரிந்த தட்டையான மண்டை நாவலில் கிடையாது. 1931 படத்துக்கு ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் பஞ்சையும், காய்ந்தால் படலமாக இறுகும் கொலோடியன் திரவத்தையும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டியது. அதற்கும் அவர் காரணம் வைத்திருந்தார்: மண்டையோட்டை மேலே நேராக அறுத்துத் திறந்து, மூளையை உள்ளே வைத்து மூடினால் தலை அப்படித்தான் இருக்கும்.

இந்த அளவுக்கு யோசித்துச் செதுக்கிய பேய் நம் மண்ணிலேயே இருக்கிறது. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பாட்டிலேயே ஒரு பெண்பேயின் உடல் அங்கம் அங்கமாக வந்துவிடுகிறது: வற்றிச் சுருங்கிய மார்பு, புடைத்து எழுந்த நரம்பு, குழிந்த கண், வெண்பல், ஒட்டிய வயிறு, சிவந்த தலைமயிர், நீண்ட இரண்டு பற்கள், உயர்ந்த கணுக்கால், நீண்ட கால். ஓர் ஒப்பனைக் கலைஞருக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு யார் கொடுக்க முடியும்? இரண்டாம் பாட்டு அப்படியே ஒரு காட்சி. பேய் கள்ளியின் கவட்டில் காலை நீட்டுகிறது; கொள்ளிக் கரியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது; வெடுவெடென்று சிரிக்கிறது; மிரண்டு பார்த்துத் துள்ளுகிறது; பிணம் எரியும் தீ சுட்டுவிட, கோபத்தில் புழுதியை வாரிப் போட்டு நெருப்பை அணைக்கிறது. சுடுகாட்டில் உட்கார்ந்து மை தீட்டிக்கொள்ளும் பேய்! வெளிநாட்டுப் படம் எதிலிருந்தும் இதைக் கடன் வாங்க வேண்டியதில்லை. இன்னும் வேண்டுமென்றால் கலிங்கத்துப் பரணி இருக்கிறது. அதில் பனங்காடு போலக் கையும் காலும் நீண்ட, நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகும் பசிப் பேய்கள் வருகின்றன. முடப்பேய், குருட்டுப்பேய், ஊமைப்பேய் என்று தனித்தனியாகவும் உண்டு. அந்தக் குறை ஒவ்வொன்றும் வந்த விதத்தையும் ஜெயங்கொண்டார் சொல்லிவிடுகிறார்.

அம்மையார் பாடிய இந்தப் பேயைக் கைக்கெட்டும் பொருள்களை வைத்தே உருவாக்கலாம். செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக வழியை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் தோல். சுருக்கத்தைப் பென்சிலால் வரைந்தால் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். தோலே சுருங்க வேண்டும். இதற்குத் திரவ லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால் வேண்டும். இரண்டு கைக்கும் முழங்காலுக்குக் கீழேயும் கால் லிட்டர் தாராளம். முந்தின நாளே நடிப்பவரின் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி 24 மணி நேரம் பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ வந்தால் அவருக்கு லேட்டக்ஸ் கூடவே கூடாது. கை கால் முடியை மழித்துவிடுங்கள், இல்லையென்றால் உரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு போன பிறகு, ஒருவர் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் ஸ்பாஞ்சால் மெல்லிசாக ஒற்றி, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் காய விட வேண்டும். பால் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி தெளிந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இப்படி மூன்று பூச்சு. தோலை விடுவதற்கு முன் முகப்பவுடரைத் தூவியாக வேண்டும். மறந்துவிட்டால் சுருங்கிய லேட்டக்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக நிற்கும். பவுடர் போட்டு விட்டீர்களானால் இருபது வயதுப் பெண்ணின் புறங்கை கண்ணெதிரே கிழவியின் கையாகச் சுருங்குவதைப் பார்க்கலாம்.

கண்ணருகில் மட்டும் வேண்டாம். லேட்டக்ஸில் அம்மோனியா இருக்கிறது, கண்ணைக் கரிக்கும். பூசும் அறையில் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

நரம்புக்குத் தடித்த பருத்தி நூல். லேட்டக்ஸில் முக்கி, புறங்கையிலிருந்து முழங்கை நோக்கி உண்மையான நரம்பு ஓடும் தடத்திலேயே ஒட்டுங்கள். நூலின் நுனியைப் பிரித்து விட்டால் நரம்பு தோலுக்குள் மறைவதுபோல் இருக்கும். கத்தரித்த நுனி புழுவைப்போல் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே டிஷ்யூ பேப்பரை இரண்டாகப் பிரித்த ஒற்றைத் தாள் ஒன்று, அதன்மேல் ஒரு பூச்சு. தாளைக் கிழித்துத்தான் ஒட்ட வேண்டும். கத்தரியால் வெட்டினால் நேர்கோடு நேர்கோடாகவே தெரியும். கணுக்கால் எலும்பை உயர்த்துவதும் இதே முறையில்தான், நடுவில் நாலைந்து தாள், ஓரத்துக்கு வரவர ஒரே தாள். நீண்ட காலுக்கு ஒப்பனை வேண்டாம். தரையோடு கேமராவை வைத்து, அகலமான லென்ஸுக்குப் பக்கத்தில் பாதத்தைக் கொண்டுவந்தால் கால் தானாக நீளும்.

இனி நிறம். தெருக்கூத்துக் கலைஞர்கள் முத்துவெள்ளை என்னும் வெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசி, மேலே பவுடர் ஒற்றிக்கொண்டு விடிய விடிய வேர்வையோடு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் தோலுக்கு நம் கடலோரத்தில் அதைவிடச் சிறந்த முறை கிடையாது, முகத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் லேட்டக்ஸ் மேல் எண்ணெய்ச் சாயம் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி, பிசுபிசுத்து, ஓரம் கிளம்பிவிடும். லேட்டக்ஸிலேயே கொஞ்சம் அக்ரிலிக் சாயத்தைக் கலந்து பூச வேண்டியதுதான். காய்ந்தால் நிறம் கூடுமென்பதால் கிண்ணத்தில் இரண்டு பங்கு வெளிறியதாகவே கலக்குங்கள். ஒட்டிய கன்னத்துக்கும் நெற்றிப்பொட்டுக்கும் கண்குழிக்கும் கறுப்பு வேண்டாம். கேமராவில் அது வெறும் கரி அப்பியதாகத்தான் தெரியும். செம்பழுப்பைக் குழியின் நடுவில் வைத்து ஓரத்தை விரலால் கலைத்துவிட்டால் உண்மையான பள்ளம் போலிருக்கும்.

சிவந்த தலைமயிருக்குத் தேங்காய் நார் அளவானது. இரவு ஊறவைத்து, சீப்பால் வாரி, வலைத்தொப்பியில் முடிந்தால் போதும். தீப்பந்தம் உள்ள காட்சியில் மட்டும் இதைப் பயன்படுத்தவே கூடாது, நொடியில் பற்றும். நீண்ட பற்களுக்கு, சுமார் 60 டிகிரி வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் மணிகள் கிடைக்கின்றன. நல்ல பிடிப்பாக வேண்டுமென்றால் பல் செட் செய்யும் டெக்னீசியனிடம் அச்சு எடுத்துச் செய்துகொள்ளலாம். பசையால் பல்லில் எதையும் ஒட்ட வேண்டாம்.

ரத்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறும்படங்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஆரத்தி கரைத்ததை ஊற்றிவிடுகிறார்கள். மஞ்சளின் சிவப்பு சுண்ணாம்பு இருக்கும்வரைதான். புளிப்பு பட்டால் மஞ்சளுக்கே திரும்பும், வேர்வையும் லேசான புளிப்புதான். சட்டையில் காயம் மஞ்சளாகத் தெரிவது அதனால்தான். தவிர, சுண்ணாம்பு கண்ணிலும் வாயிலும் பட்டால் புண்ணாகும். குங்குமம் கரையாது. பீட்ரூட் சாறு தண்ணீராக ஓடும். பேக்கரிப் பொருள் கடையில் திரவ குளுக்கோஸ் கிடைக்கிறது. 200 கிராமுக்கு 40 மில்லி வெந்நீர், சலித்த கோகோ பவுடர் ஒரு டீஸ்பூன், திரவ வடிவிலான சிவப்பு உணவுச் சாயம் இரண்டு டீஸ்பூன், நீலச் சாயம் ஒரே ஒரு சொட்டு. கோகோவை முதலில் வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் மற்றதைச் சேர்க்க வேண்டும். ஒளி ஊடுருவாத கனம் கோகோவால்தான் வருகிறது, அது இல்லையென்றால் ரோஸ்மில்க் நிறம்தான். எல்இடி விளக்கில் ஒருமுறை படம்பிடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கலக்குங்கள். எறும்பு மொய்க்கும், துணியில் கறை போகாது, இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். சித்திரை, வைகாசியில் நம் கடற்கரைக் காற்றில் ஈரம் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். லேட்டக்ஸுக்கு அடியில் வேர்வை தேங்கி, நெற்றியிலும் மேலுதட்டிலும் ஓரம் முதலில் பிரியும். அதனால்தான் கை காலுக்கு லேட்டக்ஸ், முகத்துக்குச் சாயம் என்று பிரித்துச் சொன்னேன். ஐப்பசி, கார்த்திகை மழை கெடுக்கும். தையும் மாசியும் உத்தமம்.

வெளிச்சத்துக்கு ஒரே விளக்கு, பக்கவாட்டில். முகவாய்க்குக் கீழே டார்ச் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். குழிந்த கண்ணைக் கீழ்வெளிச்சம் நிரப்பிவிடும், நாம் உழைத்ததெல்லாம் போயிற்று. கண்மணியில் விளக்கின் புள்ளி விழாதபடி பேயைத் திருப்பி நிறுத்துங்கள். அந்தப் புள்ளி இல்லாத கண்ணில் உயிர் இருக்காது. செல்போன் இருட்டைத் தானாகவே வெளுக்கும் என்பதால் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவைப் பூட்டிவிட வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வைத்தால் தெருவிளக்கிலும் டியூப்லைட்டிலும் பட்டைகள் ஓடாது.

ஒலியில் ஒன்றே ஒன்று. அந்த வெடுவெடுச் சிரிப்புக்கு எதிரொலி சேர்க்காதீர்கள். வறண்ட தொண்டையில், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பதிவு செய்து, அதற்கு முன் ஐந்து விநாடி இசையை முழுக்க நிறுத்தினால் அரங்கமே நிமிர்ந்து உட்காரும். எலும்பு முறியும் ஓசைக்குப் புதிதாகப் பறித்த முருங்கைக்காயை மைக்கருகே ஒடித்தால் போதும்.

பாட்டில் உள்ளதென்று கள்ளி மரத்தில் யாரையும் ஏற்ற வேண்டாம். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தெர்மோகோலில் கவட்டைச் செய்து பச்சை அடியுங்கள். கொள்ளிக் கரியும் அப்படித்தான், கையில் மசிப்பது கரியாக இருக்கலாம், கண்ணில் தீட்டுவது கடை மையாக இருக்கட்டும். உண்மையான சுடுகாட்டில் படம் பிடிக்கவே கூடாது. அங்கே வருகிறவர்கள் துக்கத்தோடு வருகிறார்கள். சாம்பலும் முள்ளும் நாலு மண்சட்டியும் இருந்தால் காலி மனையிலேயே சுடலையை எழுப்பிவிடலாம். படப்பிடிப்பு முடிந்ததும் லேட்டக்ஸை அப்படியே உரிக்காமல், ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, வெந்நீரும் சோப்பும் விட்டு மெதுவாக எடுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இதுதான். இனி வரும் ஒவ்வொரு பேய்ப் பட விமர்சனத்திலும் ஒப்பனைக் கலைஞரின் பெயரையும் ஒலி வடிவமைப்பாளரின் பெயரையும் போடுங்கள். பேயின் தோற்றம் கதையோடு ஒட்டுகிறதா என்று விமர்சகர் இரண்டு வரியாவது எழுதட்டும். நம் வட்டாரப் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்களுக்கும் மாதம் ஒருமுறையாவது அந்தப் பக்கத்தில் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
திகில் பட ரசிகன் ஒருவன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.