நவம்பர் கணக்கைப் பிரித்துக் காட்டுங்கள்

வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், போடின், மிடில்பரி முதலான அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் சேர்க்கைப் பிரிவு டீன்களுக்கு,

வணக்கம்.

இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று எழுதிக்கொடுத்து முன்கூட்டியே விண்ணப்பிக்கும் உங்கள் ஏர்லி டிசிஷன் ஒப்பந்தத்தில் மாணவரும் பள்ளி ஆலோசகரும் மட்டுமல்ல, பெற்றோரும் கையெழுத்திடுகிறார். நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் அப்படிக் கையெழுத்திடுகிறவர்களில் தமிழர்களும் உண்டு. எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்த்துக்கொள்ள உங்களிடம் ஆள் இருக்கும்.

அப்படி எழுதிக்கொடுத்து நவம்பரில் விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுகிறீர்கள். கல்லூரிகள் தங்கள் புள்ளிவிவரங்களை ஒரே வடிவில் வெளியிடும் காமன் டேட்டா செட் படிவத்தில் அதற்கு இரண்டே எண்கள்: வந்த விண்ணப்பங்கள், கொடுத்த இடங்கள். இரண்டையும் வகுத்துப் பார்க்கும் பெற்றோருக்கு ஜனவரியில் நடக்கும் வழக்கமான சுற்றைவிட நவம்பரில் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கு என்று தோன்றிவிடுகிறது. கட்டணம் வாங்கும் ஆலோசகர்களும் அதையே ஓதுகிறார்கள். அதன்பிறகு வீட்டில் எந்தக் கல்லூரி பிடிக்கும் என்ற பேச்சே எழுவதில்லை. நவம்பர் விண்ணப்பத்தை எங்கே போட்டால் பலிக்கும் என்பதுதான் பேச்சு.

அந்த எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. முதலில் விளையாட்டு வீரர்கள். உங்களில் பலர் சேர்ந்திருக்கும் 11 உறுப்பினர் கொண்ட நெஸ்காக் என்ற விளையாட்டுக் கூட்டமைப்பில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆனால் பயிற்சியாளர் விரும்பும் மாணவரின் மதிப்பெண்களைச் சேர்க்கை அலுவலகம் கோடையிலேயே பார்த்துச் சொல்லிவிடுகிறது. பச்சைக்கொடி கிடைத்தவர் நவம்பரில் விண்ணப்பிக்கிறார். ஆம்ஹர்ஸ்ட் 2017இல் வெளியிட்ட தன் அறிக்கையில், ஆண்டுக்கு 67 பேர் வரை விளையாட்டையே முக்கியக் காரணமாகக் கொண்டு சேர்க்கப்படலாம் என்றும், படிப்பிலும் சிறந்த இன்னும் 60 முதல் 90 பேருக்கு விளையாட்டு கைகொடுக்கிறது என்றும் ஒளிக்காமல் எழுதியது. அங்கே ஒரு வகுப்பில் சேருவதே 500 பேருக்குள்தான். மற்ற கல்லூரிகளும் இப்படி எழுதினால் நான் இந்த மடலை எழுதியிருக்க வேண்டியதில்லை.

இவர்களோடு, குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான குவெஸ்ட்பிரிட்ஜ் திட்டத்தின் வழியாகத் தேர்வானவர்களையும் சில கல்லூரிகள் இதே கணக்கில் சேர்க்கின்றன. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சலுகை தரும் கல்லூரிகளில் அவர்களும் உண்டு. (ஆம்ஹர்ஸ்ட் 2021இலும் வெஸ்லியன் 2023இலும் அந்தச் சலுகையை நிறுத்தின. மனம் வைத்தால் முடிகிறது.)

எளிய கணக்கு ஒன்று போடுகிறேன், எண்கள் கற்பனை. நவம்பரில் 1,000 பேர் விண்ணப்பித்து 250 பேருக்கு இடம் கிடைத்தால் 25 சதவீதம். அந்த 250 பேரில் 120 பேர் முன்பே பச்சைக்கொடி பெற்றவர்கள் என்றால், மீதி 880 பேருக்கு 130 இடங்கள், அதாவது 15 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஜனவரிச் சுற்றில் 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மூன்றரை மடங்கு என்று நினைத்தது இரண்டு மடங்காகச் சுருங்குகிறது.

இரண்டு மடங்கும் லாபம்தானே என்பீர்கள். ஆமாம், செலவைத் தாங்கக்கூடிய, அந்தக் கல்லூரியையே விரும்புகிற பிள்ளை தயங்காமல் விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் அந்த லாபத்துக்கு ஒரு விலை கொடுக்கிறார்கள். ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்ட கல்லூரிகள் இவை. நான்கு இடங்களின் நிதியுதவிக் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் உரிமையை அந்தக் குடும்பம் விட்டுக்கொடுக்கிறது. விலைச் சீட்டைப் பார்க்காமலே பட்டுப்புடவைக்கு முன்பணம் கட்டுவதுபோலத்தான் இது. உதவி போதவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்பது உண்மை. ஆனால் அதை எத்தனை வீடுகளுக்கு யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

எச்-1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். அப்படி ஒரு பெண் நியூ ஜெர்சியின் எடிசனில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருப்பாள். அவளுக்கு மத்திய அரசின் நிதியுதவி கிடையாது. உங்களில் பலர் நிதியுதவி என்று வந்ததும் அவளை வெளிநாட்டு மாணவர் வரிசையில் நிறுத்துகிறீர்கள். ஆம்ஹர்ஸ்ட் வெளிநாட்டவரின் பணத்தேவையைப் பார்க்காமல் முடிவெடுக்கிறது. போடினும் 2022இல் அந்த வழிக்கு வந்தது. பெரும்பாலான மற்ற இடங்களில் உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கிறது. அதற்குப் பயந்து உதவி வேண்டாம் என்று எழுதினால், பிறகு அப்பாவின் வேலை போனாலும் பல கல்லூரிகளில் கேட்க முடியாது. உங்கள் தளங்களில் உள்ள செலவுக் கணிப்பான்களில் பல குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவர்களுக்கென்றே செய்யப்பட்டவை. கையெழுத்துப் போடும் முன் எதை நம்பிக் கணக்குப் போடுவது?

நான் கேட்பது பெரிதல்ல. ஏர்லி டிசிஷனை ஒழிக்கச் சொல்லவில்லை. வகுப்பை நிரப்ப உங்களுக்கு அது தேவை என்று புரிகிறது. நவம்பர் எண்ணை மூன்றாகப் பிரியுங்கள்: பயிற்சியாளர் ஆதரவோடு வந்தவர்கள், குவெஸ்ட்பிரிட்ஜ் வழி வந்தவர்கள், மற்றவர்கள். ஜனவரியில் நடக்கும் இரண்டாவது ஏர்லி டிசிஷன் சுற்றையும் தனியே காட்டுங்கள். உதவி கேட்ட வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், இடம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்றும் சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்து தொடங்க வேண்டும் என்பதில்லை. 1969இல் போடின் நுழைவுத்தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்று அறிவித்தபோது யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

செப்டம்பரில் நீங்கள் நடத்தும் இணையவழித் தகவல் கூட்டங்களுக்கு வரும் பெற்றோரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்: விளையாட்டு வீரர்களைக் கழித்தால் எத்தனை சதவீதம்? ஒவ்வொரு விண்ணப்பத்தையும் முழுமையாகப் படிக்கிறோம் என்ற வழக்கமான பதில் வேண்டாம். எண் அப்போது கைவசம் இல்லாவிட்டால் மறுநாள் மின்னஞ்சலில் அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தமிழ்ப் பெற்றோர்