நாலு கம்பியும் ஒரே குரலில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே கல்லூரி இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஹாஸ்டல் சாப்பாட்டை நினைத்து இப்போதே மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. முதல் மாதம் எல்லாப் பிள்ளைகளும் அழும். அப்புறம் நாம் ஊருக்கு வரச் சொன்னால் பரீட்சை என்று சொல்லும். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு தினத்தந்தியை ஒரு வரி விடாமல் படிக்கிறார். நான் வழக்கம்போல ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிறேன், நடுவில் யாராவது கூப்பிட்டால் ரிசப்ஷனுக்கும் போகிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் பேஸ் கிதாரில் தடித்த ஈ ஸ்ட்ரிங் கொழகொழவென்று இருக்கிறது, மெலிந்த ஜி ஸ்ட்ரிங் தகரம் மாதிரி தனியாகக் கேட்கிறது, ஆம்பை (ஒலிபெருக்கியை) மாற்றிவிடலாமா என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து ஆம்புக்குப் பணம் போடாதே. நீ மாட்டியிருக்கும் 40-100 செட்டில்தான் (ஜி-யிலிருந்து ஈ வரை கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) பாதி பதில் இருக்கிறது.

34 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) ஒரு கம்பி எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பது அதன் எடையையும் சுருதியையும் பொறுத்தது. நாலு கம்பியும் ஒரே விறைப்பில் இருப்பதில்லை. சாதாரண 45-65-85-105 நிக்கல் செட்டில் (வரிசையாக ஜி, டி, ஏ, ஈ) டி கம்பியின் இழுவைதான் அதிகம், 50 பவுண்டை ஒட்டி வரும். ஈ கம்பி 40 பவுண்டுக்குப் பக்கத்தில் நிற்கும். நீ போட்டிருப்பது 100 என்பதால் இன்னும் தளர்ச்சி. தளர்ந்த கம்பியை நீ அடிக்கிற அடியில் (உன் வலது கை எனக்குத் தெரியாதா!) அது அகலமாக ஆடி ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) மோதும். அங்கேயே சுரம் கலங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் 40 ஜி கம்பிக்கு உடம்பே கிடையாது. நீ சொல்கிற இரண்டு குறையும் இதில் அடங்கிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. திறந்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். உங்கள் கோயிலில் இருக்கும் சின்ன ஆம்ப் அதைச் சரியாகத் தராது. நம் காது அந்தச் சுரத்தைப் பிடிப்பதே மேலே வரும் 82, 124 ஹெர்ட்ஸ் ஒலிகளை வைத்துத்தான். ரவுண்ட்வவுண்ட், அதாவது உருண்டைக் கம்பியால் சுற்றிய கம்பியின் சுற்றுகளுக்கு நடுவே வியர்வையும் அழுக்கும் இறங்கினால் முதலில் சாவது இந்த மேல் ஒலிகள்தான். தடித்த கம்பியில் இடுக்கும் பெரிது, அதனால் ஈ-யும் ஏ-யும் சீக்கிரம் மந்தமாகிவிடும், ஜி மட்டும் சுற்றுக் குறைவாக இருப்பதால் பளிச்சென்றே நிற்கும். நீ அரைகுறையாக ஈ கம்பியை மட்டும் மாற்றாதே. மாற்றினால் நாலையும் ஒரே செட்டாக மாற்று.

எந்த வகை? இதில் இரண்டு பெரியவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனிப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 ஃபெண்டர் பிரெசிஷன் பேஸில் கனமான லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் (தட்டையாகச் சுற்றிய) கம்பிகளைப் போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்தார். இங்கிலாந்தில் ‘தி ஹூ’ ராக் குழுவின் ஜான் என்ட்விசில் நேர் எதிர். 1966-இல் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு சேர்ந்து, பியானோ மாதிரி ஒலிக்கும் ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் கம்பிகளை உருவாக்க வைத்தார். இரண்டு பேரும் தங்கள் இசைக்குச் சரியானதையே எடுத்தார்கள். நம்மைச் சுற்றி யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

உன் கணக்கைப் பார். உயர்ந்த கூரை, நாலு பக்கமும் எதிரொலி, தபேலா, கீபோர்டு, நடுவில் கீர்த்தனை பாடும் சபை. அங்கே பளபளக்கும் ஸ்டீல் கம்பியின் கீச்சு சுவரில் பட்டுத் திரும்பி வந்து பாட்டைக் குழப்பும். எனக்கு ஃப்ளாட்வவுண்ட்தான் சரி என்று படுகிறது. தட்டையான பட்டைக் கம்பியால் சுற்றியிருப்பதால் விரல் உராயும் சத்தம் வராது, ஒவ்வொரு சுரமும் தும்மென்று விழுந்து சட்டென்று ஒதுங்கும். அழுக்குப் போய் உட்காரும் இடமும் குறைவு. உங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு இது சின்ன விஷயம் இல்லை. விலை அதிகம், உண்மைதான், ஆனால் பல வருஷம் வரும். மகன் ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியைத் தட்டி வாசிப்பது) பழக ஆசைப்படுகிறான் என்றாயே, அவனுக்கு இது ஆகாது. அவனும் அதே பேஸை எடுப்பதாக இருந்தால் நிக்கல் ரவுண்ட்வவுண்ட் 45-105 போடு. டாடாரியோ கம்பெனியில் 45-60-80-107 என்று இழுவையைச் சமன் செய்த செட்டும் உண்டு. டி கம்பியை மெலிதாக்கி ஈ-யைத் தடித்ததாக்கியிருக்கிறார்கள். நாலும் விரலுக்கு ஒரே மாதிரி இருக்கும்.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய். உன்னுடையது பிரெசிஷன் மாதிரி இரண்டாகப் பிரிந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பெட்டி). ஈ, ஏ-க்கு ஒரு பாதி, டி, ஜி-க்கு ஒரு பாதி. ஒவ்வொன்றையும் திருகாணியால் தனியாக ஏற்றி இறக்கலாம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்பின் காந்தத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் போதும், ஈ பக்கம் கொஞ்சம் கூடுதலாக. பிக்கப் ரொம்ப மேலே வந்துவிட்டால் காந்தம் தடித்த கம்பியைப் பிடித்து இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். திருகாணியைக் கால் சுற்று திருப்பு, நாலு கம்பியையும் ஒரே அழுத்தத்தில் வாசி, மறுபடி பார். ஆம்பில் எல்லாக் குமிழும் நடுவில் இருக்கட்டும்.

புதுக் கம்பி மாட்டும்போது, நுனியை முதலில் நன்றாக மடித்துவிட்டு அப்புறம் வெட்டு. மடிக்காமல் வெட்டினால் உள்ளே சுற்று நழுவி, கம்பி உயிரில்லாமல் போகும். பிரிட்ஜில் சேடிலை (கம்பி உட்காரும் சின்னத் துண்டை) தாண்டிய இடத்தில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி வளைவைச் சரி செய். தடித்த கம்பி கழுத்தை இழுக்கும், ஆகவே டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் வளைவு சரிசெய்யும் கம்பியை) கால் சுற்று திருப்பி ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் பார். கடைசியாகப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி சேருகிறதா என்று பார்த்துக்கொள்.

ஃப்ளாட்வவுண்ட் புதிதில் கொஞ்சம் பளபளப்பாகத்தான் ஒலிக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதே. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள் படிய வேண்டுமானால் இந்த மாதமே மாட்டிவிடு. மாட்டியதும் ஒரு கீர்த்தனைக்கு வாசித்துப் பதிவு பண்ணி அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி