பாட்டை வைத்துக் குணத்தை எடைபோடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒருவர் கேட்கும் பாட்டைக் கொண்டே அவர் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற பேச்சு பெருகிவருவது எனக்குக் கவலை அளிக்கிறது. இதற்கு ஆய்வு அடிப்படையே இல்லை என்று சொல்லமாட்டேன். 2003இல் ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் என்ற உளவியலாளர்கள், புதிய அனுபவங்களை நாடும் மனமுள்ளவர்கள் ஜாஸ், செவ்வியல் இசை போன்றவற்றை விரும்பும் போக்கைக் கண்டார்கள். அதே மனம் படைத்தவர்களிடம் ராக், ஹெவி மெட்டல் விருப்பமும் இருந்தது. அந்த ஆவேச இசையை விரும்புவதற்கும் முரட்டுக் குணத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. அதைக் கேட்கும் பிள்ளையைப் பார்த்ததுமே முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கண்ட தொடர்புகளும் மெல்லியவைதான். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்தத் தொடர்புகளில் பெரும்பாலானவை பூஜ்யத்தை ஒட்டியே நின்றன. வயதும் நண்பர்களும் அன்றைய மனநிலையும் ரசனையை மாற்றுகின்றனவே! என் மகள் படிக்கும்போது ஒன்றைக் கேட்கிறாள். மனம் உடைந்து வரும் நாளில் வேறொன்றைக் கேட்கிறாள். இதில் எதை அவள் குணம் என்பது?

‘உங்கள் பாட்டு, உங்கள் குணம்’ என்ற ரகத்தில் வரும் கேள்வித்தாள்களைத் தங்கள் இதழ் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகி