இருபதுக்குப் பதினெட்டு, ஒரு பாட்டும் கேக்காம

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீட்லயே படிக்கிற பிள்ளைகளுக்கு என்னென்ன ஆன்லைன் கோர்ஸ் இருக்குன்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. கோடிங் இருந்துச்சு, அபாகஸ் இருந்துச்சு, ஸ்போக்கன் இங்கிலீஷ் இருந்துச்சு, இசைக்கு மட்டும் "இசை ரசனை வகுப்புகளும் உண்டு"ன்னு ஒத்த வரியில முடிச்சுட்டீங்க. அந்த ஒத்த வரிக்குள்ள எட்டு மாசம் மாட்டிக்கிட்டுக் கெடந்தவ நானு, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும் பொறுத்துக்கங்க.

நாங்க உச்சிப்புளி பக்கம். வீட்டுக்காரர் மண்டபத்துல ஐஸ் கம்பெனியில கணக்கு எழுதுறாரு, நான் வீட்ல தையல். மகளுக்கு 15 வயசு, எட்டாவதோட ஸ்கூல நிறுத்திட்டோம். பெரிய கொள்கையெல்லாம் ஒண்ணுமில்ல, காலையில ஆறேமுக்காலுக்கு வேன் ஏறுனா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எறங்கும், எறங்குனதும் தலையப் புடிச்சுக்கிட்டு படுத்துரும், எத்தனை நாளைக்குப் பாக்குறது. இப்ப என்ஐஓஎஸ்னு சொல்லுற மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளியில பத்தாவதுக்குப் பதிஞ்சு வீட்லயே படிக்குது. சொந்தக்காரங்க பேச வேண்டியதெல்லாம் பேசி முடிச்சுட்டாங்க, அதை விடுங்க.

இளையராஜா 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டன்ல சிம்பொனி அரங்கேத்துனாருல்ல, அன்னைக்கு டிவியில திரும்பத் திரும்ப அதையே காட்டிக்கிட்டு இருந்தாங்க. எம் மக கேட்டுச்சு, "அம்மா சிம்பொனின்னா என்னம்மா, பாட்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" எனக்குத் தெரியல, அவங்க அப்பாவுக்கும் தெரியல. பக்கத்து வீட்ல ஒரு தம்பி காலேஜ் படிக்குது, அதுகிட்ட கேட்டா "நிறைய வயலின் வாசிப்பாங்கக்கா"ன்னு சொல்லுச்சு, அவ்வளவுதான். மகளுக்கு அது போதல. பாட வராது அதுக்கு, தொண்டை அப்படி, வாத்தியம் கத்துக்கவும் ஆசையில்ல, ஆனா ஒரு பாட்டைப் போட்டா அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னு ஒரு அரிப்பு. சரி, அதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கும்னு தேட ஆரம்பிச்சேன்.

மொதல்ல தப்பு நான்தான் பண்ணேன். ஆன்லைன்ல ஒரு கம்பெனி, பேரு வேணாம், 12 வாரம் 4,800 ரூபாய், சர்டிபிகேட்டோட. ரெண்டு கல்யாண பிளவுஸ் ஆர்டர் காசு அப்படியே போச்சு. மொத வாரம் மேல்நாட்டு இசையில 1600-லேர்ந்து 1750 வரைக்கும் பரோக் காலம், அடுத்த வாரம் கிளாசிக்கல் காலம், யாரு எங்க பொறந்தாரு எப்ப செத்தாருன்னு வழவழன்னு ஸ்லைடு, கடைசியில டெஸ்ட்டு. பாஹ்ங்கிற இசையமைப்பாளர் எந்த வருஷம் செத்தாரு, 1750, சரி ஒரு மார்க்கு. எம் மக இருபதுக்குப் பதினெட்டு வாங்குச்சு. நான் சந்தோஷத்துல எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். ராத்திரி சாப்பிடும்போது சொல்லுது, "அம்மா நான் இன்னும் ஒரு மியூசிக்கும் முழுசா கேக்கவே இல்ல, அவங்க போடவும் இல்ல, அரை நிமிஷம் அரை நிமிஷமா பின்னாடி ஓடுச்சு." அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு, மீனைக் கண்ணுலயே காட்டாம மீன் பேரை மனப்பாடம் பண்ண வச்சு பரீட்சை வைக்கிறாங்கன்னு. காசத் திருப்பிக் கேட்டேன், ஏழு நாள் தாண்டிருச்சுன்னு சொல்லிட்டாங்க.

அடுத்து எல்லாரும் சொன்னது, ராமநாதபுரத்துல மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கே அங்க சேத்து விடுங்கன்னு. நல்ல பள்ளிக்கூடந்தான், 12 வயசுலேர்ந்து 25 வயசு வரைக்கும் சேத்துக்கிறாங்க, மூணு வருஷப் படிப்பு, குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம், நாதஸ்வரம், தவில், தேவாரம்னு எல்லாம் இருக்கு. ஆனா அங்க சொல்லிக் கொடுக்குறது பாடவும் வாசிக்கவும். என்ஐஓஎஸ் பாடப் பட்டியல்லயே கர்நாடக இசை இருக்கு, அதையும் பாத்தோம், அதுலயும் செய்முறைத் தேர்வு, பாடிக் காட்டணும். சமைக்கக் கத்துக்கிறது ஒண்ணு, குழம்ப வாயில வச்சதும் இதுல புளி தூக்கல், இது நேத்து வச்ச குழம்புன்னு சொல்லுறது ஒண்ணு. எம் மகளுக்கு வேண்டியது ரெண்டாவது. பாட வராதவங்க காதுக்குன்னு நம்ம மாவட்டத்துல ஒரு கிளாஸ் கூடக் கெடைக்கல எங்களுக்கு.

அப்புறந்தான் ரெண்டு விஷயம் கெடைச்சுது, ரெண்டுமே ஓசி.

ஒண்ணு அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில கிரெய்க் ரைட்னு ஒரு புரொபசர் 2008-ல கிளாஸ்ல எடுத்ததை அப்படியே படம் புடிச்சு நெட்டுல போட்டிருக்காங்க, மொத்தம் 23 வகுப்பு, பணமும் கெடையாது பதிவும் கெடையாது. அவரு பேசுறது வேகம், மொதல்ல ஒண்ணும் புரியல, ஆனா பேசுனது பூரா எழுத்துலயும் கொடுத்திருக்காங்க, அதை மொதல்ல படிச்சுட்டு அப்புறம் வீடியோ பாத்தா புடிபடுது. அந்த மனுசன் பியானோகிட்டயே நிக்கிறாரு, ரெண்டு வரி பேசுனா ஒரு தடவ வாசிச்சுக் காட்டுறாரு, போட்டதையே திரும்பப் போடுறாரு. கைய மேலயும் கீழயும் ஆட்டி இது ரெண்டு ரெண்டா வருதா மூணு மூணா வருதான்னு எண்ண வைக்கிறாரு. எம் மக ஒரு வாரம் மிக்ஸி சத்தத்தக்கூட எண்ணிக்கிட்டுத் திரிஞ்சுச்சு.

இன்னொண்ணு நம்ம சென்னை ஐஐடி வழியா என்பிடெல்ங்கிற ஆன்லைன் பாடத் தளத்துல வந்த கர்நாடக இசை ரசனைப் பாடம், லக்ஷ்மி ஸ்ரீராம்னு ஒரு அம்மா எடுக்குறாங்க. பாட்டுக் கத்துக்கொடுக்குறது இல்ல, ராகம்னா என்ன, தாளம் எங்க நிக்குது, கச்சேரில ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு ஏன் வருதுன்னு கேக்குறவங்களுக்குச் சொல்லுறது. கேக்குறதுக்குக் காசில்ல, சர்டிபிகேட் வேணும்னாத்தான் பரீட்சைக்குக் கட்டணும். ஒரே வருத்தம், அதுவும் இங்கிலீஷ். மோகன ராகத்தையும் ஆதி தாளத்தையும் உச்சிப்புளியில உக்காந்து ஒரு தமிழ்ப் பிள்ளை இங்கிலீஷ்ல படிக்க வேண்டியிருக்கு, இதை யாருகிட்ட சொல்லி அழ.

கோர்ஸ் தேடுற அம்மா அப்பாக்களுக்கு நான் சொல்லுறது இதான். சர்டிபிகேட்டப் பாக்காதீங்க, மொத வகுப்ப பிள்ளைகூட உக்காந்து பாருங்க, ஒரு மணி நேரத்துல எத்தன நிமிஷம் பாட்டு ஓடுது எத்தன நிமிஷம் பேச்சு ஓடுதுன்னு கடிகாரத்த வச்சுப் பாருங்க. ஒரே பாட்டை ரெண்டாந்தரம் கேக்கச் சொல்லுறாங்களா, ரெண்டாந்தரம் கேக்கும்போது புதுசா எதைக் கவனிக்கணும்னு சொல்லுறாங்களா. இல்லேன்னா அது இசை கிளாஸ் இல்ல, ஹிஸ்டரி கிளாஸ். ஹிஸ்டரி நல்லதுதான், அதுக்கு ஏன் 4,800.

இன்னொண்ணும் பாக்கணும், அந்தப் பாடம் பிள்ளைய வீட்ட விட்டு வெளிய அனுப்புதா இல்ல ஸ்கிரீன்லயே ஒக்கார வைக்குதான்னு. எங்க வீட்ல நடந்ததச் சொல்லுறேன். எங்க அண்ணன் வீட்ல பழைய கீபோர்டு ஒண்ணு கெடக்கு, ரெண்டு மூணு கட்டை அமுங்காது. எம் மக ஒரு நா சாயங்காலம் அதுல வெள்ளைக் கட்டைய மட்டும் வரிசையா அழுத்திக் காட்டுச்சு, சி-லேர்ந்து சி வரைக்கும், "இது வெள்ளக்காரங்க மேஜர் ஸ்கேல், நம்மள்ல சங்கராபரணத்தோட அதே ஸ்வரம்." அப்புறம் மூணு கறுப்புக் கட்டை சேந்தாப்ல இருக்குல்ல, அதுல மொதக் கட்டையிலேர்ந்து கறுப்ப மட்டும் அஞ்சையும் அழுத்திக்கிட்டே மேல போச்சு. மோகனம்! எனக்கு ராகம் தெரியாது, ஆனா அந்த வரிசை வந்ததும் நெஞ்சுக்குள்ள எத்தனையோ பாட்டு எந்திரிச்சு வந்துச்சு. அண்ணி அடுப்படிலேர்ந்து எட்டிப் பாத்து "என்ன பாட்டுடி அது, எனக்குத் தெரியுமே"ன்னுச்சு. ஒரு பாட்டும் இல்ல, அஞ்சு கட்டைதான். அதுக்கப்புறம் இதே சொல்லுச்சு, கட்டையில வர்றது ஸ்வரம் மட்டுந்தான் அத்தை, ராகமாகணும்னா கமகம் வேணும், அதாவது ஸ்வரத்த வளைச்சு அசைக்கணும், இதுல வளைக்க முடியாது, வயலின்ல முடியும்னு. அந்த வயலினே வெள்ளக்காரங்ககிட்டேர்ந்து இங்க வந்ததுதான், முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கத்துக்கிட்டு நம்ம இசைக்குக் கொண்டாந்தாரு, அண்ணன்காரர் இங்கிலீஷ் பேண்டு மெட்டக் கேட்டுட்டு அதுக்கு சமஸ்கிருதத்துல நோட்டுஸ்வரம்னு பாட்டுக பண்ணி வச்சாரு. அதே தீட்சிதர் நம்ம ராமேஸ்வரம் ராமநாதசுவாமி மேல காசிராமக்கிரியா ராகத்துல ஒரு கீர்த்தனை பாடியிருக்காரு, சாமி ராமேஸ்வரம், ராகத்து பேர்ல காசி. இதெல்லாம் எம் மக எனக்குச் சொல்லிக் கொடுத்தது, நான் அதுக்குச் சொல்லிக் கொடுக்கல.

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்குறதப் பாக்கப் போனோம் ஒரு நாளு. வழக்கமா இது போட்டோ எடுக்கும், அன்னைக்கு போன மணல்ல வச்சு ரெக்கார்டு போட்டுட்டு கண்ண மூடிக்கிட்டு உக்காந்துருச்சு. வயசானவரு ஒருத்தரு முன்னால ஒரு அடி எடுத்துக் கொடுக்க, பின்னால இருக்கவங்க ஏலேலோன்னு வாங்குறாங்க, வாங்குற அந்த எடத்துலதான் கயிறு வருது, மூச்சு விடுற எடத்துல கயிறு நிக்குது. வீட்டுக்கு வந்து பத்துத் தடவ கேட்டுட்டு சொல்லுது, "அம்மா அவரு வேணும்னே ஒரு துளி லேட்டா எடுக்குறாரும்மா, அப்பத்தான் எல்லாருக்கும் மூச்சு சேருது." வலை இழுக்கும்போது பாடுற இந்த அம்பாப் பாட்ட நான் பொறந்ததுலேர்ந்து கேக்குறேன், இது எனக்குத் தெரியாது சார். ஏர்வாடி சந்தனக்கூடு, தங்கச்சிமடம் கோயில் பாட்டு, ராமேஸ்வரத்துல சாமி பொறப்பாட்டுக்கு நாதஸ்வரம், இத்தனையும் பஸ்ஸு தூரத்துல இருக்கு, எந்த கோர்ஸ்லயும் இது இல்ல. கோர்ஸ் பண்ண வேண்டியது காதைத் தொறந்து விடுறதுதான், மிச்சத்த ஊரு பாத்துக்கும்.

நம்ம ஊருக்கு இதுல ஒண்ணும் கொறச்சலும் இல்ல. சேதுபதி சமஸ்தானத்துல இருந்த பூச்சி சீனிவாச ஐயங்காருகிட்ட கத்துக்கிட்டவருதான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், இன்னைக்கு கச்சேரின்னா வர்ணம்ங்கிற பாட்டுல ஆரம்பிச்சு இப்படி இப்படிப் போகணும்னு ஒரு வரிசைய நிலைநிறுத்துனவரு. ராம்நாடு கிருஷ்ணன் ஊர்ப் பேர முன்னால வச்சுக்கிட்டு 1960-கள்ல அமெரிக்காவுல வெஸ்லியன் யுனிவர்சிட்டில போயி பாட்டு சொல்லிக் கொடுத்தாரு. நாகூர் ஹனிபா பேருலதான் நாகூரு, பொறந்தது 1919-ல ராமநாதபுரத்துல. எங்க தெருவுல கேட்டுப் பாத்தேன், ஒருத்தருக்கும் தெரியல, எனக்கும் ஆறு மாசம் முன்னால தெரியாது.

ஆனா யோசிச்சா, எங்க தலைமுறைக்கு ஒரு ரசனை கிளாஸ் இருந்துச்சு, அப்ப அதுக்கு அந்தப் பேரு இல்ல. இலங்கை வானொலி. நம்ம கரையில மெட்ராஸ் ஸ்டேஷன் கரகரங்கும், இலங்கை கண்ணாடி மாதிரி எடுக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால படம், இசையமைச்சவரு, எழுதுனவரு, பாடுனவங்கன்னு அழகாச் சொல்லிட்டுத்தான் போடுவாங்க. அறிவிப்பாளர் அப்துல் ஹமீது குரல் எங்க ஆத்தாவுக்குக்கூடத் தெரியும். பேரச் சொல்லிட்டுப் போட்டதுனாலதான் அடுத்த பாட்டு வந்ததும் பேரு சொல்லுறதுக்கு முன்னால இது எம்எஸ்வி, இல்லல்ல கேவி மகாதேவன்னு நாங்க பந்தயம் கட்டுனோம், காது அப்படித்தான் வளந்துச்சு. இப்ப போன்ல ஒண்ணு முடிய அதுவா அடுத்தது வருது, யாரு பாடுனா எவரு போட்டாருன்னு பிள்ளைகளுக்குத் தெரியவும் இல்ல, கேக்கவும் தோணல.

அதனால ரெண்டு வேண்டுகோள். பாம்பன்ல கடல் ஓசை எஃப்எம் 90.4 இருக்கு, கடல் காத்து நிலவரம் மீன் விலைன்னு நம்ம ஜனத்துக்காக நடத்துறாங்க, வாரத்துல அரை மணி நேரம், ஒரே ஒரு பாட்டு இல்ல ஒரு வாத்தியம், மூணு தடவ போட்டு மூணு தடவயும் வேற வேற எதைக் கேக்கணும்னு தமிழ்ல ஒருத்தர் சொன்னாப் போதும், இசைப்பள்ளி வாத்தியார்களே வந்து பேசலாம். உங்க பேப்பர்லயும் ஞாயித்துக்கிழமை சினிமாப் பக்கத்துல ஒரு மூலை, நாலு அங்குலம் போதும், இந்த வாரம் இதக் கேளுங்க, இந்த எடத்துல காது வைங்கன்னு. ராசி பலனுக்கு அரைப் பக்கம் கொடுக்குறீங்கல்ல.

சிம்பொனி என்னன்னு இப்ப எனக்கும் ஓரளவு தெரியும், வழக்கமா நாலு பகுதி, மொதப் பகுதியில ரெண்டு மெட்டக் காட்டி, அதப் பிரிச்சுப் போட்டுக் கொழப்பி, கடைசியில மறுபடி வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்களாம். எம் மக சொன்னதும் நானும் ஒண்ணு போட்டுக் கேட்டேன், பிளவுஸுக்கு ஹெம்மிங் பண்ணிக்கிட்டே, ரெண்டாவது மெட்டு திரும்ப வந்த எடம் எனக்கே புடிபட்டுச்சு, ஊசிய விட்டுட்டுக் கத்திட்டேன், வீட்டுக்காரர் பயந்துட்டாரு.

லெட்டர் நீளமாப் போச்சு, எடமில்லேன்னா கீபோர்டு கதைய வெட்டிருங்க, கரைவலையக்கூட வெட்டிருங்க, அந்த இருபதுக்குப் பதினெட்ட மட்டும் வெட்டிராதீங்க, இன்னும் யாராவது 4,800 கட்டப் போறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.