கூட்டத்தில் மறுத்துப் பேசுவது பற்றி அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். உங்கள் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் அறிய ஆவல். அலுவலகக் கூட்டங்களில் வாய் திறந்து பேசுகிறாயா என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பேசுகிறேன். ஆனால், முகம் முறியாமல் மறுத்துப் பேசப் பழகுவதற்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகிவிட்டது. அதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலத்திலேயே பேசும் இந்த அலுவலகத்துக்கு வந்த புதிதில் ஒரு சிறு சொல் என்னைச் சிக்கலில் மாட்டிவிட்டது. மேலாளர் ஒரு திட்டத்தை விளக்கி முடித்ததும், விவரம் கேட்கும் எண்ணத்தில், ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றேன். நம்மிடையே டவுட் என்றால் புரியாததைக் கேட்பது; வகுப்பில் கையை உயர்த்திச் சொல்லிப் பழகிய சொல். இங்குள்ளவர்கள் காதிலோ அது ‘நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று விழுகிறது. மேலாளரின் முகம் இறுகியது. திட்டத்துக்கு ஆதரவாகக் காரணங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார். நான் கேட்க நினைத்தது ஒரு தேதியை மட்டும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று கேட்டிருக்கலாம் என்று பக்கத்து இருக்கைத் தோழி பிறகு தனியே சொல்லிக்கொடுத்தாள்.

அதன்பின் சில மாதங்கள் பேசவே அஞ்சினேன். அனுபவம் மிக்கவர்கள் இருக்கும் இடத்தில் அமைதியாக இருப்பதே மரியாதை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஆனால் பேசாதிருப்பவர் சம்மதித்தார் என்றே கூட்டக் குறிப்பில் ஏறிவிடுகிறது என்பது, எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத ஒரு முடிவுக்கு நானும் பொறுப்பாளி ஆனபோதுதான் தெரிந்தது.

அப்போதுதான் மற்றவர்கள் எப்படி மறுக்கிறார்கள் என்று உன்னிப்பாகக் கேட்கத் தொடங்கினேன். ‘நீங்கள் சொல்வது தவறு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஐ வாஸ் வொண்டரிங்’, அதாவது ‘யோசித்துக்கொண்டிருந்தேன்’ என்று, இப்போது தோன்றும் எண்ணத்தையே கடந்த காலத்தில் வைத்துச் சொல்கிறார்கள். நாமும் ‘ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்’ என்று வினையைப் பின்னுக்கு நகர்த்தித்தானே தயக்கத்தைக் காட்டுகிறோம்? பெனிலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு மொழியியலாளர்கள் 1978-இல் பணிவான பேச்சைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்டவை மூன்று மொழிகள்: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்த்தால், நம் தமிழ். எதிரில் இருப்பவரின் ‘முகத்தை’க் காப்பதுதான் பணிவு என்பது அவர்கள் கருத்து. ‘முகத்தில் அடித்தாற்போல்’ என்று நாம் சொல்வதும் இதைத்தானே என்று எண்ணியபோது, என் மொழியில் ஏற்கெனவே இருப்பதைத்தான் இங்கே தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பெரிய நிம்மதி உண்டாயிற்று.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் கைகொடுக்கவில்லை. ‘நாம்’ என்றால் எல்லோரும், ‘நாங்கள்’ என்றால் உங்களைத் தவிர்த்து என்பதை நம் மொழி தெளிவாகப் பிரித்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘வீ’ இரண்டையும் சுமக்கிறது. நம் எல்லோருக்கும் நேரம் போதாமல் போகலாம் என்ற பொருளில் ‘வீ மே ரன் அவுட் ஆஃப் டைம்’ என்று நான் ஒருமுறை சொன்னபோது, என் குழு மட்டும் பின்தங்குகிறதென்று புரிந்துகொண்டார்கள். இப்போது ‘ஆல் ஆஃப் அஸ்’ என்று சேர்த்துச் சொல்கிறேன்.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். புதிய மென்பொருளைச் சோதிக்க ஒதுக்கியிருந்த பத்து வேலை நாள்களை ஐந்தாகக் குறைக்கலாம் என்று மேலாளர் வெள்ளைப் பலகையில் எழுதினார். பழைய தரவுகளை மாற்றவே நான்கு நாள்கள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான், ‘ஐ மே பி மிஸ்ஸிங் சம்திங்’ என்று தொடங்கி, எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கலாம் என்று இடம் விட்டு, தரவுக்கு நான்கு நாள்கள் போனால் சோதனை எந்த நாளில் நடக்கும் என்று கேட்டேன். அவர் பலகையைப் பார்த்தபடி விரல் விட்டு எண்ணினார். பிறகு தாமே ஐந்தை அழித்து ஒன்பது என்று எழுதினார். தவறு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

ஆனால் மென்மை மிகுந்துவிட்டாலும் ஆபத்துதான் அப்பா. வேறொரு கூட்டத்தில் ‘ஒருவேளை’, ‘சற்றே’ என்று அத்தனை சொற்களால் என் மறுப்பைப் போர்த்தியதில், நான் ஆமோதித்ததாகவே எழுதிக்கொண்டார்கள். ஆகவே, எப்படித் தொடங்கினாலும், இந்த வாரம் இதைத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து என்று கடைசி வாக்கியத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

வரும் செவ்வாய்க்கிழமை மேலாளருக்கும் மேலானவர்கள் அமரும் கூட்டம். அங்கும் நான் ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. வாக்கியத்தை எழுதிவைத்து இரவில் உரக்கப் படித்துப் பார்க்கிறேன். நடந்ததை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

தங்கள் அன்பு மகள்