பௌர்ணமிப் பூசையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வேண்டாம்

நம் கருப்பசாமி கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரியப்பாக்கள், சித்தப்பாக்கள், அண்ணன் தம்பிகள் அனைவருக்கும் வணக்கம்.

வைகாசிப் பௌர்ணமிப் பூசையை இனிமேல் பௌர்ணமியை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்வதாகப் போன கூட்டத்தில் பேசி முடித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். கட்டிக்கொடுத்த பெண்மக்களிடம், கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் வாங்கும் தலைக்கட்டு வரி வாங்குவதில்லை, கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை. அதனால்தான் பங்காளிகள் எல்லோரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன். அந்த முடிவை மாற்றிக்கொள்ளுங்கள்.

சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு வாரநாளில் லீவு கிடைப்பதில்லை என்பது உண்மைதான். எனக்கும் கிடைப்பதில்லை. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருடமாக நிற்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் பூசைக்காக லீவு போட்டதற்கு ஒரு நாள் சம்பளத்தோடு அந்த மாதத்து ஊக்கத்தொகையையும் பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் வந்தேன். மாவிளக்குத் தட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க்கரை வழியே தனியாக நடந்தேன். டார்ச் லைட் எடுத்துவர மறந்திருந்தேன், தேவைப்படவே இல்லை. காலடியில் கிடந்த நெருஞ்சி முள் வரைக்கும் தெரிந்தது. கரண்ட் இல்லாத காலத்தில் சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து வண்டி கட்டி வந்தவர்கள் ஏன் இந்த இரவைக் குறித்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பொழுது அடையும்போது எழுந்து, மறுநாள் விடியும்வரை நிலா நிற்பது மாதத்தில் பௌர்ணமி இரவு ஒன்றில்தான்.

வழிக்கு வெளிச்சம் என்பது மட்டும் காரணமாக இருந்தால், இன்று தெருவிளக்கு வந்துவிட்டதே என்று நீங்கள் சொல்லலாம். நள்ளிரவுப் பூசையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பூசாரி விளக்குகளை அமர்த்தச் சொல்வார். உடுக்கைச் சத்தம் நின்றுவிடும். பிள்ளைகளைக்கூட யாரும் அதட்ட வேண்டியிருக்காது. கருப்புக்கு முன்னால் நட்டிருக்கும் ஆளுயர அரிவாளின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து, வடக்கே இருக்கும் பீடத்தின் மேல் நேராக விழும். விழுந்த பிறகுதான் எலுமிச்சம்பழத்தை அறுப்பார். அதற்குப் பிறகுதான் குறி கேட்பது, திருநீறு வாங்குவது எல்லாம். வைகாசியில் முழுநிலா உச்சிக்குத் தெற்கே சாய்ந்து போகும். நள்ளிரவை ஒட்டி அது வானத்தின் நடுக்கோட்டைக் கடக்கும்போது நிழல் குறுகி வடக்கே விழுகிறது. பீடத்தைக் கட்டியவர்கள் இதைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி எழும். பௌர்ணமி முடிந்து நான்காம் நாள் ஞாயிறு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று நிலா எழவே இரவு பத்து மணி ஆகிவிடும். நள்ளிரவில் அது கிழக்கே பனைமரங்களை விட்டு அப்போதுதான் மேலே வந்திருக்கும். அரிவாள் நிழல் மேற்கே நீண்டு வேலிப் பக்கம் கிடக்கும். பூசாரி எந்த நேரத்தைப் பார்த்துப் பழத்தை அறுப்பார்? செல்போனில் மணி பார்த்தா?

திருமலை நாயக்கரே திருவிழாவை மாற்றினாரே என்று ஒரு சித்தப்பா கேட்டாராம். நல்ல கேள்வி. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தை அவர் சித்திரைக்குக் கொண்டுவந்தார் என்றுதான் நம் பக்கத்தில் சொல்கிறார்கள். மாதத்தை மாற்றியவரும் நிலாவைத் தொடவில்லை. அழகர் இன்றைக்கும் சித்திரைப் பௌர்ணமியில்தான் வைகையில் இறங்குகிறார். 2023இல் அது வெள்ளிக்கிழமை, 2024இல் செவ்வாய்க்கிழமை, 2025இல் திங்கட்கிழமை. அத்தனை லட்சம் பேரும் வந்துதான் நின்றார்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் சுற்றும் தைப்பூசமும் கிழமை பார்த்து வருவதில்லை. தாணிப்பாறையில் இருந்து சதுரகிரி ஏறுகிறவர்களும் அமாவாசை, பௌர்ணமியைப் பார்த்துத்தான் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள்.

வளர வேண்டியதை வளர்பிறையில் செய், தேய வேண்டியதைத் தேய்பிறையில் கழி என்பாள் அப்பத்தா. என் மகள் நான்கு வயதில் ராத்திரி ராத்திரி அலறி எழுவாள். டாக்டர் மருந்து கொடுத்தார், அதையும் நாங்கள் நிறுத்தவில்லை. அப்பத்தா அமாவாசை வரும்வரை காத்திருந்து, அந்தியில் கல் உப்பும் மிளகாயும் முச்சந்தி மண்ணும் எடுத்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டாள். ஆனால் கையில் கட்டும் கயிற்றை அன்று கட்டவில்லை. அது பிள்ளைக்குக் காவலாக ஏறி வர வேண்டியது என்று சொல்லி, நம் கோயிலில் மந்திரித்து வாங்கி, வளர்பிறை வெள்ளிக்கிழமையில் கட்டினாள். நீங்கள் குறித்திருக்கும் ஞாயிறு எப்போதும் பௌர்ணமிக்குப் பின்னால்தான் வரும், அதாவது தேய்பிறையில். பிள்ளை வரம் கேட்டும், கடை விருத்தியாக வேண்டும் என்றும் வந்து நிற்கிறவர்களுக்கு, நிலா தேயும் நாளில் திருநீறு கொடுக்கச் சொல்கிறீர்கள். அப்பத்தா இருந்திருந்தால் உங்கள் முகத்துக்கு நேரே கேட்டிருப்பாள்.

இரண்டு காரியத்தையும் பிரித்துவிடலாம். கிடாய் வெட்டும் கறிச்சோறும் ஞாயிற்றுக்கிழமை நடக்கட்டும்; ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் வரட்டும். பொங்கலும் நள்ளிரவுப் பூசையும் பௌர்ணமியிலேயே இருக்கட்டும். பத்துப் பேர் வந்தாலும் போதும். திதி கணக்கில் வருவது. சூரியனை விட்டு நிலா பன்னிரண்டு பாகை விலகினால் ஒரு திதி, நூற்றெண்பது ஆனால் பௌர்ணமி. அடுத்த வருடத் தேதியை இன்றே பார்த்துச் சொல்லிவிட முடியும். அதை வரி ரசீதின் பின்பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் லீவு கேட்கிறவர்களுக்கு ஒரு வருட அவகாசம் இருக்கும். போன வருடம் பந்தல்காரர் கட்டிய ஃபோகஸ் லைட்டை நள்ளிரவில் அணைக்க ஆள் இல்லாமல், நிழலே தெரியாமல் போயிற்று. அந்த அரைமணி நேரத்துக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் இளவட்டத்தை நிறுத்துங்கள்.

நீங்கள் எந்த நாளைக் குறித்தாலும், வைகாசிப் பௌர்ணமி அன்று பொழுது சாயும்போது நானும் என் மகளும் மாவிளக்கோடு கோயில் வாசலில் இருப்போம். கேட் சாவி அன்று யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்த வீட்டில் பிறந்த பெண்